ரவுட்டர்ல வேண்டாத ட்ரஃபிக்க எறியிறது: என்னட்ட திருப்பித் திருப்பிக் கேட்ட கேள்விகள்

நான் வெள்ளவத்தையில இருந்துகொண்டு சின்ன ஒஃபிஸ், கடை, ரெண்டு மூண்டு கிளினிக் எண்டு நெட்வேர்க் பாத்துக் குடுக்கிற ஆள். யூனிட்டி பிளாசாவுக்கு ஒரு கேபிள் வாங்கப் போனாலும் யாராவது பிடிச்சு வச்சு இதே கேள்வியைத்தான் கேக்கினம், வட்ஸ்அப்பில வொய்ஸ் நோட் வேற. விளங்கப்படுத்தி வாய் நோகுது, அதால ஒருக்கா எழுதி வைக்கிறன், இனிக் கேக்கிற ஆக்களுக்கு லிங்க் அனுப்பினா முடிஞ்சுது. கேட்ட ஆக்கள் கேட்ட மாதிரியே கேள்வியைப் போட்டிருக்கிறன். மேலயிருந்து வாசிச்சா நல்லம், கீழ வரேக்க மேல சொன்னதத் திருப்பிச் சொல்ல மாட்டன்.

அண்ணா, பக்கெட்ட எறியிறதெண்டு சொல்லுறீங்கள், எறிஞ்சா அது எங்க போகும்?

எங்கயும் போகாது. பக்கெட் எண்டா நெட்டில போற டேட்டாவில ஒரு சின்னத் துண்டு. ரவுட்டருக்கு ஒரு பக்கெட் வந்தா அது கொஞ்ச நேரம் மெமரியில கிடக்கும், ரவுட்டர் அதின்ர தலைப்பைப் பாத்து எந்தப் பக்கம் அனுப்புறதெண்டு முடிவெடுக்கும். எறியிறதெண்டா அந்த முடிவு "எந்தப் பக்கமும் இல்ல". மெமரியில அது கிடந்த இடத்தில அடுத்த பக்கெட் வந்து குந்தும், அவ்வளவுதான். குப்பைத்தொட்டி எண்டு ஒண்டு உள்ளுக்க இல்ல, பிறகு எடுத்துப் பாக்கவும் ஏலாது.

எறியிறதுக்கெண்டே ஒரு சேவை 1983 ல ஆர்எஃப்சி 863 எண்டு (ஆர்எஃப்சி எண்டா இன்டர்நெட் வேலை செய்யிற முறைகள எழுதி வைக்கிற ஆவணம்) எழுதி வச்சவங்கள், போர்ட் 9 (போர்ட் எண்டா ஒரு மெஷின்ல ஒவ்வொரு சேவைக்கும் இருக்கிற கதவு நம்பர்), பேரே டிஸ்கார்ட். அனுப்பினா வாங்கும், வாங்கிட்டு எறியும், பதில் வராது. சில சொந்தக்காரர் மாதிரி.

நான் என்ன பேங்கா வச்சிருக்கன்? வீட்டு ரவுட்டருக்கு எவன் வரப்போறான்?

உங்களுக்கெண்டு ஒருத்தனும் வரேல்ல, அதுதான் விசயமே. ஐபி அட்ரஸ் எல்லாத்தையும் ஒண்டொண்டாத் தட்டிப் பாக்கிற புரோகிராம்கள் இரவு பகலா ஓடுது, அதுக்கு நீங்களும் ஒண்டுதான் பேங்கும் ஒண்டுதான். 2016 ல மிராய் எண்டு ஒரு வைரஸ் வந்துது தெரியுமே, டெல்நெட் எண்ட, தூர இருந்து மெஷினுக்குள்ள லொகின் ஆகிற வழியின்ர போர்ட் 23, 2323 ரெண்டையும் தட்டும், திறந்திருந்தா ஃபக்டரியில போட்ட யூசர்நேம் பாஸ்வேர்ட் 60 சொச்சத்தையும் போட்டுப் பாக்கும். அகப்பட்டதெல்லாம் சிசிடிவி கமராவும் அதின்ர டிவிஆர் பெட்டியும் வீட்டு ரவுட்டரும்தான். அந்தச் சாமான்கள வச்சே 2016 ஒக்டோபர் 21 ல டைன் எண்ட டிஎன்எஸ் கம்பெனிய (டிஎன்எஸ் எண்டா வெப்சைட் பேருக்கு ஐபி அட்ரஸ் சொல்லுற சேவை) குப்பை ட்ரஃபிக்கால அடிச்சாங்கள், ட்விட்டர், நெட்ஃப்ளிக்ஸ் எல்லாம் மணித்தியாலக் கணக்கில தடுமாறினது. பாவம், கமராக்காரனுக்கு ஒண்டும் தெரியாது.

காலி வீதிப் பக்கம் எந்தக் கடைக்குள்ள போனாலும் கஷியருக்கு மேல ஒரு கமராவும் கீழ ஒரு டிவிஆரும் கிடக்கு. அதில எத்தினைக்கு பாஸ்வேர்ட் மாத்தியிருக்கு எண்டு நான் கேக்கிறதில்ல, கேட்டா எனக்குத்தான் வேலை.

நட் இருக்குத்தானே, அது உள்ளுக்க விடாது எண்டு படிச்சன். அப்ப ஃபயர்வோல் என்னத்துக்கு?

அரைவாசி சரி. நட் எண்டா உள்ளுக்க இருக்கிற எல்லா மெஷினும் ஒரே வெளி ஐபியால போய் வரப் பண்ணுற வேலை, ஃபயர்வோல் எண்டா ரூலைப் பாத்து எதை விடுறது எதை எறியிறது எண்டு முடிவெடுக்கிற காவல். உள்ளுக்க இருந்து நீங்க தொடங்கின கனெக்ஷனுக்குப் பதில் வந்தா நட் ஆர்ட்ட குடுக்கிறதெண்டு தெரிஞ்சு குடுக்கும், அழைக்காம வந்தது ஆருக்கெண்டு தெரியாமல் அப்பிடியே விழும். ஆனா அது பாதுகாப்புக்குச் செய்த சாமான் இல்ல, அட்ரஸ் பத்தாமச் செய்தது. கமராவ ஃபோனில பாக்கோணும் எண்டு டெக்னீஷியன் போர்ட் ஃபோர்வர்ட், அதாவது வெளியில இருந்து வாறத நேரா கமராவுக்கு அனுப்புற ரூல், போட்டுட்டுப் போனா அந்த இடத்தில கதவு திறந்துதான் கிடக்கும். ரவுட்டர்ல யூபிஎன்பி எண்ட வசதி ஒன்ல இருந்தா உள்ளுக்க இருக்கிற சாமான் தானே கதவைத் திறந்துகொள்ளும், உங்களட்டக் கேக்காது.

ரவுட்டர்ர வெளிப்பக்க ஐபி 100.64 க்கும் 100.127 க்கும் இடையில தொடங்கினா நீங்க நெட் குடுக்கிற கம்பெனிக்காரன்ர பெரிய நட்டுக்குப் பின்னால இருக்கிறீங்கள், 2012 ல அதுக்கெண்டே ஒதுக்கின அட்ரஸ் அது. அப்ப வெளியில இருந்து தட்டுறது கனக்க உங்களட்ட வராது. ஆனா ஐபி வெர்ஷன் 6, அதாவது அட்ரஸ் தாராளமா இருக்கிற புது முறை, வந்தா கதை மாறும், அதில நட் இல்ல, உங்கட ஃபோனுக்கும் பிரிண்டருக்கும் உலகத்துக்கே தெரிஞ்ச சொந்த அட்ரஸ். அங்க ஃபயர்வோல் ஒண்டுதான் கதவு.

ட்ரொப், ரிஜெக்ட் ரெண்டும் ஒண்டுதானே மச்சான்? ரெண்டிலயும் உள்ளுக்க போகாதுதானே?

உள்ளுக்க போகாது, ஆனா வந்தவனுக்கு என்ன சொல்லுறீங்கள் எண்டதில வித்தியாசம். ஃபிளட்டுக்குக் கீழ இருக்கிற செக்யூரிட்டி அங்கிள் "மாத்தயா இல்ல, போங்கோ" எண்டு சொன்னா அது ரிஜெக்ட், வந்தவன் அந்த நிமிசமே திரும்பிடுவான். அங்கிள் பேப்பர் வாசிச்சுக்கொண்டு நிமிர்ந்தும் பாக்காட்டி அது ட்ரொப், வந்தவன் பெல்ல அடிச்சு அடிச்சு நிப்பான். ரிஜெக்ட் பண்ணினா ரவுட்டர் ஐசிஎம்பி மெசேஜ் ஒண்டோ (மெஷின்கள் பிழை, தகவல் சொல்லிக்கொள்ளுற முறை) டிசிபி ரீசெட்டோ (கனெக்ஷனை வெட்டுற பதில்) திருப்பி அனுப்பும், ட்ரொப் பண்ணினா மூச்சே விடாது.

என்ர பழக்கம்: வெளியில இருந்து வாறதுக்கு ட்ரொப், உள்ளுக்க இருக்கிற எங்கட ஆக்களுக்கு ரிஜெக்ட். வெளியாளுக்கு ஏன் ட்ரொப் எண்டா, ஒவ்வொரு தட்டலுக்கும் பதில் அனுப்பினா நாங்களே மறுபக்கம் குப்பை கொட்டுறம், அதுவும் வந்தவன் பொய் அட்ரஸ் போட்டிருந்தா எங்கட பதில் சம்பந்தமில்லாத ஒருத்தன்ர தலையில போய் விழும்.

உள்ளுக்க ட்ரொப் போட்டா என்ன நடக்கும் எண்டு புறக்கோட்டையில ஒரு மொத்த வியாபாரக் கடையில பாத்தன். பில் போடுற சொஃப்ட்வெயார் ஒவ்வொருக்கா திறக்கேக்கயும் அப்டேட் இருக்கோ எண்டு வெளிய ஒரு சேர்வரைக் கேக்கும், அதை யாரோ ட்ரொப் பண்ணி வச்சிருந்தினம். லினக்ஸ் மெஷின், டிசிபி திருப்பித் திருப்பித் தட்டி கடைசியா விடுறதுக்கு 127 செக்கன் எடுக்கும், அதுவரைக்கும் திரை உறைஞ்சு நிக்கும். முதலாளி கணக்குப் பெடியனைப் பேசுறார், பெடியன் கொம்பியூட்டரைப் பேசுறான், வெளியில மூட்டை தூக்கிற நாட்டாமை மூட்டையோட நிக்கிறார். ட்ரொப்ப ரிஜெக்டா மாத்தினன், உடன திறந்துது. ஒரு சொல்லுத்தான் மாத்தினது, நம்பவே மாட்டன் எண்டிட்டார் முதலாளி.

இன்புட், ஃபோர்வர்ட் எண்டு ரெண்டு செயின் காட்டுது, எதில போடுறது எண்டு விளங்கேல்ல சேர்

செயின் எண்டா ரூல்களின்ர ஒரு வரிசை. ரவுட்டருக்கே வாறது இன்புட். ரவுட்டருக்குள்ளால அங்கால போறது ஃபோர்வர்ட். ரவுட்டர்ர லொகின் பக்கத்தைத் தட்டுறவன் இன்புட்ல வருவான், உள்ளுக்க இருக்கிற டிவிஆர தட்டுறவன் ஃபோர்வர்ட்ல வருவான். கனபேர் ஃபோர்வர்ட்ட மட்டும் வடிவாப் பூட்டிட்டு ரவுட்டரைத் திறந்து விட்டிருப்பினம், அது வீட்டு அறையெல்லாம் பூட்டிட்டு திறப்புக் கோர்வைய வாசல்ல தொங்க விடுற மாதிரி. மைக்ரோட்டிக் எண்ட ரவுட்டர்ல 2018 ல வின்பொக்ஸ் எண்ட, ரவுட்டரைச் செட் பண்ணுற வழியில ஓட்டை ஒண்டு வந்துது, ஓட்டைகளுக்குக் குடுக்கிற நம்பர்ல சிவிஇ-2018-14847, போர்ட் 8291 வெளியில திறந்திருந்தாக் காணும், பாஸ்வேர்டையே எடுத்துக்கொண்டு போகலாம். ஏப்ரல்லயே திருத்தி விட்டாங்கள், அப்டேட் பண்ணாத ஆக்கள் மாசக்கணக்கா அகப்பட்டுக்கொண்டு இருந்தினம்.

இன்னொண்டு, ரவுட்டர் டிஎன்எஸ் பதில் குடுக்கிற மாதிரி வச்சிருந்தா வெளிப்பக்க போர்ட் 53 க்கு இன்புட்ல கட்டாயம் ட்ரொப் போடுங்கோ, இல்லாட்டி உங்கட ரவுட்டரை வச்சு வேற ஆரையாவது அடிப்பாங்கள், சின்னக் கேள்வி கேட்டு பெரிய பதிலை அடுத்தவன்ர அட்ரசுக்கு அனுப்புற வேலை.

இன்புட்ல கை வைக்க முதல் ஒரு எச்சரிக்கை. பொரளையில ஒரு ஒஃபிஸ் ரவுட்டருக்கு வீட்ட இருந்துகொண்டே ட்ரொப் ரூல் போட்டன், இரவு பத்தரை. என்டர் தட்டின உடன விளங்கிட்டுது, என்னையே வெளியில விட்டுப் பூட்டிட்டன். மழையில த்ரீவீல் பிடிச்சுப் போய், செக்யூரிட்டிய எழுப்பி, மேசைக்குக் கீழ குந்தி இருந்து கேபிள் குத்தி எடுத்தனான். மைக்ரோட்டிக்ல சேஃப் மோட் எண்டு ஒரு பட்டன் இருக்கு, அதை அமத்திட்டு வேலை செய்தா கனெக்ஷன் அறுந்தா செய்தது எல்லாம் தானாவே பழையபடி திரும்பும். எனக்கு அது அண்டைக்கும் தெரியும், சோம்பல்.

ரூல் எல்லாம் சரியாத்தான் போட்டன், ஆனா வேலை செய்யுதில்ல. ஏன்?

வரிசை. மேலயிருந்து கீழ வாசிக்கும், முதல் பொருந்தினதோட நிப்பாட்டும். மேல "எல்லாத்தையும் விடு" எண்டு ஒரு ரூல் கிடந்தா கீழ நீங்க எழுதின நூறும் அலங்காரம்.

வழமையா நான் வைக்கிற வரிசை இது: ஏற்கனவே பேசிக்கொண்டிருக்கிற கனெக்ஷன், அதாவது எஸ்டாப்ளிஷ்ட், ரிலேட்டட், முதல்ல விடு. அதுக்குப் பிறகு இன்வலிட், அதாவது எந்தக் கனெக்ஷனுக்கும் பொருந்தாதது, எண்டு வாறத எறி. பிறகு தேவையானத ஒண்டொண்டா விடு. கடைசியில மிச்சம் எல்லாத்தையும் எறி. வாற பக்கெட்டில நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல முதல் ரூல்லயே போயிடும், அதால ரவுட்டருக்கும் வேலை குறைவு. "கெட்டத மட்டும் தேடி எறிவம்" எண்டு தொடங்கினா அந்த லிஸ்ட் முடியாது.

பேப்பர்லயும் கோர்ஸ்லயும் நல் ரூட், பிளக்ஹோல் எண்டெல்லாம் வருது, அதும் ஃபயர்வோலும் ஒண்டோ?

இல்ல, அது ரவுட்டிங். ஃபயர்வோல் ஒவ்வொரு பக்கெட்டையும் விசாரிக்கும்: எங்கயிருந்து, எந்தப் போர்ட், முந்தி வந்தியா. ரவுட்டிங் டேபிள் ஒண்டே ஒண்டுதான் கேக்கும், எங்க போறாய். நல் ரூட் எண்டா "203.0.113.0/24 க்குப் போறதுக்கு வழி: எங்கயும் இல்ல" எண்டு டேபிள்ல எழுதிறது. சிஸ்கோ ரவுட்டர்ல நல் சீரோ எண்ட இன்டர்ஃபேசுக்கு ரூட் போடுவினம், ஜூனிப்பர்ல டிஸ்கார்ட், லினக்ஸ்லயும் மைக்ரோட்டிக்லயும் பிளக்ஹோல். ஐபி வெர்ஷன் 6 ல இதுக்கெண்டே 100::/64 எண்டு ஒரு துண்டை 2012 ல ஒதுக்கி வச்சிருக்கு. ரவுட்டர் எப்பிடியும் ரூட் தேடித்தான் ஆகோணும், அதால இது கிட்டத்தட்ட செலவில்லாத எறிதல், பெரிய ரவுட்டர்ல ஹார்ட்வெயாரே செய்துபோடும்.

ரெண்டு விசயம் கவனம். ஒண்டு, நீளமான பிரிஃபிக்ஸ்தான் வெல்லும், அதாவது / க்குப் பிறகு வாற நம்பர் பெருசெண்டா அட்ரஸ் கூட்டம் சின்னது, அந்தக் குறிப்பான ரூட்தான் எடுபடும். /24 ஐ நல்லுக்கு அனுப்பினாலும் அதுக்குள்ள ஒரு /32 க்கு, அதாவது ஒரே ஒரு அட்ரசுக்கு, வேற ரூட் இருந்தா அது போகும். ரெண்டாவது, இது போற இடத்தைத்தான் பாக்கும், வந்த இடத்தை இல்ல. "அடிக்கிறவன்ர ஐபிய நல் ரூட் பண்ணிட்டன், இன்னும் வருதே" எண்டு ஒரு தம்பி கேட்டார். வரத்தான் செய்யும், நீங்க நிப்பாட்டினது அவனுக்குப் போற பதிலை மட்டும். வாற பக்கத்திலயே எறியோணும் எண்டா ரிவேர்ஸ் பாத் செக்கையும் சேத்துப் போடோணும், வந்த அட்ரசுக்குத் திரும்பிப் போக ஒழுங்கான வழி இருக்கோ எண்டு பாக்கும், வழி நல் எண்டா எறியும்.

சிஸ்கோ நல் சீரோ சும்மா விட்டா ஐசிஎம்பி அன்ரீச்சபிள் அனுப்பிக்கொண்டிருக்கும், அதாவது ரிஜெக்ட் மாதிரி. சத்தமில்லாம எறியோணும் எண்டா அந்த இன்டர்ஃபேஸ்ல அதை நிப்பாட்டி விடுங்கோ.

என்ர மகன் படிக்கிறானே இல்ல தம்பி, டிக்டொக்க பிளக்ஹோல் பண்ணித் தாங்கோ

அக்கா, பண்ணலாம், ஆனா கூடவே வேற என்னென்ன விழும் எண்டு எனக்குச் சொல்ல ஏலாது. பெரிய அப் ஒண்டுக்கு ஒரு ஐபி இல்ல, சிடிஎன் எண்டு பலபேர் பங்கு போடுற சேர்வர்ல இருக்கும், அந்த அட்ரஸ் இண்டைக்கு ஒண்டு நாளைக்கு ஒண்டு. அதை நல் ரூட் பண்ணினா அவன்ர ஒன்லைன் டியூஷனும் சேந்து போனாலும் போகும், அதுக்கு அவன் அழமாட்டான்.

டிஎன்எஸ்ல பேரை மறிக்கிறது இதைவிட நல்லம், ஆனா பிரவுசர் டிஎன்எஸ்ஸையே எச்டிடிபிஎஸ்க்குள்ள ஒளிச்சு அனுப்பினா அதுவும் தப்பும். அவன்ர ஃபோனுக்கு இரவு ஒன்பதுக்குப் பிறகு நெட் இல்ல எண்டு ரவுட்டர்ல நேரம் போட்டு விடுறதுதான் எனக்குத் தெரிஞ்சு வேலை செய்யிற ஒண்டு. ஃபோன்ல ரண்டம் மெக், அதாவது ஃபோன் தன்ர அடையாள நம்பரை மாத்திக் காட்டுறது, ஒன்ல இருந்தா அதையும் நிப்பாட்டோணும், இல்லாட்டி புது ஆளா வந்தாலும் வருவான். மொபைல் டேட்டா வச்சிருந்தா என்னட்ட கேக்காதீங்கோ.

சைனா, ரஷ்யா ஐபி எல்லாத்தையும் மூடிட்டா நிம்மதிதானே?

சத்தம் குறையும், நிம்மதி வராது. அடிக்கிறவன் அமெரிக்கக் கிளவுட்ல ஒரு மெஷின் வாடகைக்கு எடுத்துக்கொண்டு வருவான், இல்லாட்டி தெகிவளையில ஒருத்தர்ர டிவிஆர்ல இருந்தே வருவான். ஐபி கை மாறிக்கொண்டே இருக்கும், லிஸ்ட் பழசாகும்.

எங்கட ஒஃபிசுக்கு அட்டாக் வந்தது. ரவுட்டர்ல ட்ரொப் போட்டன், கவுண்டர் ஏறுது, எறியுது, ஆனா நெட் செத்துப்போய்க் கிடக்கு. ரவுட்டர் சரியில்லையோ?

ரவுட்டர் நல்லாத்தான் வேலை செய்யுது. நீங்க எறியிற இடம்தான் பிழை. உங்கட லைன் 100 எம்பிபிஎஸ் எண்டு வையுங்கோ, வெளியில இருந்து 400 வருது. அந்த 400 ம் லைனுக்கு அந்தப் பக்கம், கம்பெனிக்காரன்ர ரவுட்டர்லயே முட்டிக்கொண்டு நிக்கும், அதில 100 தான் உங்களட்ட வரும். உங்கட மெயிலும் அந்த நெரிசலுக்குள்ளதான். வந்து சேந்த 100 ஐயும் நீங்க எறிஞ்சாலும் லைன்ல இடம் திரும்பி வராது, ஏனெண்டா அது ஏற்கனவே வந்திட்டுது.

மழைக்கு வெள்ளவத்தையில லேனுக்குள்ள தண்ணி நிண்டா வாசல்ல நிண்டு வாளியால அள்ளி என்ன, கான் அடைச்சது காலி வீதிப் பக்கம். ரவுட்டர்ல ட்ரொப் போடுறது ரவுட்டரையும் உள்ளுக்க இருக்கிற சேர்வரையும் காக்கும், லைனைக் காக்காது. இந்த ஒண்டை விளங்கினாக் காணும், மிச்ச எல்லாம் கொமாண்ட்தான். எவ்வளவு பெருசா வரும் எண்டு ஒரு அளவுக்கு: 2018 பெப்ரவரி 28 ல கிட்ஹப்புக்கு அடிச்சது செக்கனுக்கு 1.35 டெராபிட், மெம்கேஷ்ட் எண்ட சேர்வர்கள யூடிபி (கனெக்ஷன் எடுக்காமலே அனுப்புற முறை) போர்ட் 11211 ல திறந்து விட்டிருந்ததால வந்தது. அதுக்கு முன்னால எங்கட ரவுட்டர் எல்லாம் தூசு.

அப்ப என்ன செய்யிறது? கம்பெனிக்காரனுக்குக் கோல் எடுத்து அங்கயே எறியச் சொல்லுறது. ஹெல்ப்லைன்ல "ரவுட்டரை ஓஃப் பண்ணி ஒன் பண்ணுங்கோ" எண்டுதான் தொடங்குவினம், பொறுமையா நெட்வேர்க் பக்கத்து ஆளைக் கேளுங்கோ. அடி விழுற ஐபி, போர்ட், எவ்வளவு வருது, எத்தினை மணிக்குத் தொடங்கினது, இவ்வளவையும் ஒரு பேப்பர்ல எழுதி வச்சுக்கொண்டு எடுத்தா கதை கெதியா முடியும். சொந்த ஏஎஸ் நம்பர் (தனி நெட்வேர்க்குக்குக் குடுக்கிற நம்பர்), பீஜீபீ (நெட்வேர்க்குகள் தங்கட ரூட்டுகள ஒண்டுக்கொண்டு அறிவிக்கிற முறை) வச்சிருக்கிற இடமெண்டா கோல் எடுக்கவே தேவையில்ல: அடி விழுற /32 ஐ 65535:666 எண்ட கொம்யூனிட்டி, அதாவது ரூட்டோட ஒட்டிவிடுற குறிப்பு, போட்டு அறிவிச்சா, அதை ஏத்துக்கொள்ளுற மேல்பக்க ரவுட்டர் தானாவே நல்லுக்கு அனுப்பும். 2016 ல ஆர்எஃப்சி 7999 இந்த நம்பரை எல்லாருக்கும் பொதுவா வச்சது.

அப்ப எங்கட ஐபிய நாங்களே சாக்கொல்லுறம். அடிச்சவன்ர வேலைய நாங்க முடிச்சுக் குடுக்கிற மாதிரியெல்லோ கிடக்கு?

ஓம். சுத்தி வளைச்சுச் சொல்லேல்ல, அந்த ஒரு ஐபிக்கு அவன் வெண்டிட்டான். ஒரு அட்ரஸைக் குடுத்து மிச்சம் எல்லாத்தையும் காப்பாத்துறதுதான் இந்த யாவாரம். ஒரே லைன்ல வெப்சைட்டும் மெயிலும் ஃபோனும் இருந்தா வெப்சைட் ஐபிய மட்டும் பலி குடுக்கலாம், ஆனா எல்லாத்தையும் ஒரே ஐபியில வச்சிருந்தா பலி குடுக்க ஒண்டும் மிஞ்சாது. அதால ரெண்டு ஐபி வாங்கி வைக்கச் சொல்லுறனான், காசு கூட எண்டு ஆரும் கேக்கிறதில்ல.

வந்த இடத்தை வச்சு எறியிற வழியும் இருக்கு, நல் ரூட்டையும் மேல சொன்ன ரிவேர்ஸ் பாத் செக்கையும் சேத்துச் செய்யிறது, 2009 ல ஆர்எஃப்சி 5635 ல எழுதியிருக்கு. இன்னும் நுணுக்கமா "இந்த ஐபிக்கு வாற யூடிபி, இந்தப் போர்ட் மட்டும்" எண்டு பீஜீபீயாலயே சொல்லுறதுக்கு ஃப்ளோஸ்பெக் இருக்கு. ரெண்டும் கம்பெனிக்காரன் ஒத்துழைச்சாத்தான்.

பிளக்ஹோல் ரூட் தவறுதலா வெளிய போனா என்ன நடக்கும்?

2008 பெப்ரவரி 24 ல நடந்தது. பாகிஸ்தான்ல யூடியூப்ப நாட்டுக்குள்ள மூடச் சொல்லி உத்தரவு, பாகிஸ்தான் டெலிகொம் 208.65.153.0/24 க்கு உள்ளுக்க ரூட் போட்டினம். அது உள்ளுக்க நிக்காம வெளியில இருந்த பிசிசிடபிள்யூ எண்ட கம்பெனிக்குக் கசிஞ்சுது, அவங்களும் வடிகட்டாம உலகத்துக்கே சொல்லிட்டாங்கள். யூடியூப் அறிவிச்சு வச்சிருந்தது /22, இவை சொன்னது /24. மேல சொன்னனே நீளமானதுதான் வெல்லும் எண்டு, உலகத்து ட்ரஃபிக்ல பெரும்பங்கு அந்தப் பக்கம் திரும்பிக் குழிக்குள்ள விழுந்துது. யூடியூப் தானும் /24, பிறகு /25 எண்டு இன்னும் நீளமா அறிவிச்சு இழுபறிப்பட்டு, ரெண்டு மணித்தியாலம் அளவில முடிஞ்சுது.

பீஜீபீ ஓடுற இடத்தில பிளக்ஹோல் ரூட்டுக்கு நோ-எக்ஸ்போர்ட், அதாவது வெளிய சொல்லாதே எண்ட குறிப்பு, போடுறதும் வெளிய போற ஃபில்டரை ரெண்டு பேர் பாக்கிறதும் இதுக்காகத்தான். வீட்டு ரவுட்டர்காரர் நிம்மதியா நித்திரை கொள்ளலாம், உங்கட ரூட்டை ஆரும் கேக்கேல்ல.

பிங் பண்ண ஏலாம ஐசிஎம்பி முழுக்க மூடிட்டன், நல்லதுதானே?

நல்லதில்ல. பிங் எண்டா ஒரு மெஷின் இருக்கோ எண்டு தட்டிக் கேக்கிறது, ஐசிஎம்பிக்கு அதைவிட வேற வேலையும் இருக்கு. இதைக் கேக்கேக்க எனக்குக் கோவம் வரும், ஏனெண்டா இதால வாற வில்லங்கம் வந்து ரெண்டு மாசத்துக்குப் பிறகுதான் தெரியும். ஈத்தர்நெட்ல ஒரு பக்கெட் 1500 பைட் போகும், பிபிபிஓஈ எண்டு யூசர்நேம் பாஸ்வேர்ட் போட்டு எடுக்கிற லைன் எண்டா 8 பைட் அதுக்கே போய் மிச்சம் 1492. பெருசா வந்தது நுழையாட்டி நடுவில இருக்கிற ரவுட்டர் "பெருசு, சின்னதா அனுப்பு" எண்டு ஐசிஎம்பி டைப் 3 கோட் 4 அனுப்பும். அதை நீங்க எறிஞ்சா அனுப்பினவனுக்குச் செய்தி போகாது, அவன் அதே பெரிய பக்கெட்ட திருப்பித் திருப்பி அனுப்பிக்கொண்டிருப்பான். பாக்க எப்பிடி இருக்கும் எண்டா: பக்கம் திறக்கும், லொகின் ஆகும், மெயில்ல அட்டாச்மென்ட் போட்டா மட்டும் தொங்கும். ஆக்கள் பிரவுசரை மாத்துவினம், கொம்பியூட்டரை ஃபோர்மட் பண்ணுவினம், கடைசியா ரவுட்டரைப் பாப்பினம்.

ஐபி வெர்ஷன் 6 ல இன்னும் மோசம், பக்கத்து மெஷினைக் கண்டுபிடிக்கிறதே ஐசிஎம்பியாலதான், முழுக்க மூடினா நெட்டே இல்ல. எதை விடோணும் எதை எறியலாம் எண்டு ஆர்எஃப்சி 4890 ல விபரமா இருக்கு. பிங்க அளவு கட்டி விடுங்கோ, செக்கனுக்கு இத்தினை எண்டு, மிச்சத்தை எறியுங்கோ.

வாறதத்தான் எறியிறது. வெளிய போறதையும் பாக்கோணுமோ?

கட்டாயம். மிராய் கதையில கமராக்காரன் எறியாததுதான் மற்றவனுக்கு அடியாப் போச்சு. உங்கட நெட்வேர்க்ல இருந்து உங்கட இல்லாத அட்ரஸ் போட்டு ஒரு பக்கெட் வெளிக்கிட்டா அது ஒண்டில் பிழை இல்லாட்டி களவு, வாசல்லயே எறியோணும். 2000 மே மாசம் ஆர்எஃப்சி 2827 எண்டு இதை எழுதி வச்சது, பிசிபி 38 எண்டுதான் ஆக்கள் சொல்லுவினம், இன்னும் எல்லாரும் செய்யேல்ல. அதோட ஒஃபிஸ்ல மெயில் சேர்வர் தவிர வேற மெஷின் போர்ட் 25 ல, அதாவது மெயில் அனுப்புற போர்ட்ல, வெளிய போனா எறியுங்கோ, வைரஸ் பிடிச்ச லப்டொப் ஒண்டு இரவுக்குள்ள உங்கட ஐபிய உலகத்து ஸ்பாம் லிஸ்ட் எல்லாத்திலயும் ஏத்திப்போடும்.

இதில பலபேருக்குத் தெரியாத ஒண்டு, விபிஎன், அதாவது ரெண்டு ஒஃபிஸை இன்டர்நெட்டுக்குள்ளால டனல் போட்டு இணைக்கிறது. தலைமை ஒஃபிஸ் கொள்ளுப்பிட்டி, கிளை கண்டி, நடுவில டனல், அங்கத்தைய அட்ரஸ் 10.20.0.0/16 எண்டு வையுங்கோ. டனல் விழுந்தா அந்த ரூட் போயிடும், உடன 10.20 க்குப் போற ட்ரஃபிக் டிஃபோல்ட் ரூட்டால, அதாவது வேற வழி இல்லாதது எல்லாம் போற ரூட்டால, இன்டர்நெட்டுக்கு வெளிக்கிடும். கம்பெனிக்காரன் எறிவான், பரவாயில்ல எண்டு நினைப்பீங்கள். ஆனா போகேக்க நட் பிடிச்சு அந்தக் கனெக்ஷனை "இது வெளிப்பக்கம்" எண்டு பதிஞ்சு வைக்கும். ஐபி ஃபோன் அரை நிமிசத்துக்கு ஒருக்கா தட்டிக்கொண்டிருக்கிறதால அந்தப் பதிவு சாகாது, டனல் திரும்பி வந்தாலும் ஃபோன் வராது. விடிய விடிய எல்லா ஃபோனையும் கழட்டிப் பூட்டுற ஒரு ஒஃபிஸ் எனக்குத் தெரியும், ஃபோன் கம்பெனியப் பேசிக்கொண்டு.

திருத்தம் ஒரு வரி: அதே 10.20.0.0/16 க்கு ஒரு பிளக்ஹோல் ரூட், டிஸ்டன்ஸ் 254, அதாவது வேற ரூட் இல்லாட்டித்தான் எடுபடும். டனல் இருக்கேக்க அது சும்மா கிடக்கும், விழுந்தா அது எழும்பி எல்லாத்தையும் எறியும், நட்டுக்கு விசயம் போகாது. நான் 10.0.0.0/8, 172.16.0.0/12, 192.168.0.0/16 எண்டு வீடு, ஒஃபிஸுக்குள்ள பாவிக்கிற அட்ரஸ் மூண்டுக்கும் எல்லா இடத்திலயும் இதைப் போட்டு வைக்கிறன். உங்கட லானுக்கு, அதாவது உள் நெட்வேர்க்குக்கு, ஒண்டும் ஆகாது, அது நீளமான ரூட்.

எறியத் தொடங்கின பிறகு ரவுட்டர் சிபியு 100 ல நிக்குது

ஒண்டில் ஒரு ஐபிக்கு ஒரு ரூல் எண்டு ரெண்டாயிரம் ரூல் எழுதியிருப்பீங்கள், அதை ஒரு அட்ரஸ் லிஸ்ட்ல போட்டு ஒரே ரூலா மாத்துங்கோ. இல்லாட்டி ஒவ்வொரு எறிதலையும் லொக் எழுதுறீங்கள், அதுக்கு அளவு வையுங்கோ. அதும் இல்லாட்டி கனெக்ஷன் டிரக்கிங், அதாவது ஆரோட ஆர் பேசுது எண்டு கணக்கு எழுதுறது, பண்ணின பிறகு எறியிறீங்கள், மைக்ரோட்டிக்ல ரோ டேபிள்ல ப்ரீரவுட்டிங்ல போட்டா கணக்கு எழுத முதலே எறியும். எறியப்போற ஆளுக்கு ஏன் ரெஜிஸ்டர்ல பேர் எழுதுவான்.

நான் எறியிறது வேண்டாததுதான் எண்டு எப்பிடித் தெரியும்?

புது ரூல் போடேக்க முதல் ட்ரொப் போடாதீங்கோ, லொக் மட்டும் போட்டு ஒரு கிழமை விடுங்கோ. மாசக் கடைசியில மட்டும் ஓடுற சம்பள சொஃப்ட்வெயார் மாதிரி ஏதாவது இருந்தா ஒரு மாசம். பிறகு ட்ரொப்பா மாத்தி கொமென்ட் எழுதுங்கோ, ஆர், எப்ப, ஏன். கவுண்டரை இடைக்கிடை பாருங்கோ.

ஒரு ஒஃபிஸ்ல வெளிய போற யூடிபி 123 ஐ எறியிற ரூல் ஒண்டு கிடந்துது, கொமென்ட்ல "தற்காலிகம்" எண்டு மட்டும். ஆர் போட்டதெண்டு ஆருக்கும் தெரியாது. கவுண்டர் மணித்தியாலத்துக்கு ஒண்டு ஒண்டா ஏறிக்கொண்டிருந்துது, தேடிப் பாத்தா வாசல்ல இருக்கிற விரல் வைக்கிற மெஷின், நேரம் கேட்டுக் கேட்டு வாழ்க்கை வெறுத்துப் போயிருக்கு. மணி ஆறு நிமிசம் பிந்தி ஓடுது. ரூலை எடுத்தன், உடன நேரம் சரியா வந்துது. அடுத்த கிழமை போகேக்க அங்க வேலை செய்யிற ஆக்கள் பாதிப்பேர் என்னோட முகம் குடுத்துக் கதைக்கேல்ல, எட்டரைக்கு வரவேண்டிய ஆக்கள் எல்லாம் அந்த ஆறு நிமிசத்திலதான் இவ்வளவு காலமும் தப்பினதாம்.